மஞ்சளை உடைத்துப் பார்க்கிற கை

நேயர்களுக்கு வணக்கமுங்க. சோசலிசத்திலிருந்து முதலாளித்துவத்துக்கு மாறிய நாடுகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஈரோட்டு மஞ்சள் மண்டியில் தொடங்குகிறேன். வகுப்பிலும் அங்கேதான் தொடங்குவேன், பையன்கள் சிரிப்பார்கள்.

சின்ன வயதில் அப்புச்சியோடு, அதாவது அம்மாவின் அப்பாவோடு, மண்டிக்குப் போவேன். வியாபாரி சாக்கிலிருந்து ஒரு பிடி விரலி மஞ்சளை அள்ளி, ஒன்றைப் பட்டென்று உடைத்து உள்நிறம் பார்ப்பார். விலை படிந்து எடை போட்டால் கைக்கு வருவது ஒரு துண்டுச்சீட்டு. பணம் எட்டு நாள் கழித்து. அப்புச்சி அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். "ஏமாத்திட்டா என்னங்க பண்றது?" என்றேன். "அப்புறம் நம்மூருல எவன் கண்ணு அவனுக்கு மூட்டை கொண்டு போவான்?" என்றார். ஊர் வாய்க்கு அவ்வளவு பயம். அதற்கும் மசியாதவனுக்குக் கோர்ட்டு இருந்தது.

சரி, ரஷ்யாவுக்கு வருவோம். 1992 ஜனவரி 2-ம் தேதி பெரும்பாலான பொருள்களின் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். அந்த ஒரே வருடத்தில் விலைவாசி சுமார் 25 மடங்கு ஏறியது. ஆயுள் முழுக்கச் சேர்த்த பணம் அரிசி பருப்புக்குக்கூடப் பற்றாது என்றால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். அக்டோபரிலிருந்து அரசு ஆலைகளில் பங்கு வாங்க ஆளுக்கொரு சீட்டு கொடுத்தார்கள், முகமதிப்பு 10,000 ரூபிள். அதுவும் சீட்டுதான். ஆனால் பங்கு என்றால் என்ன, ஏமாந்தால் யாரிடம் போவது, ஒன்றும் தெரியாது. பலரும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள்.

1995-ல் நடந்தது இன்னும் மோசம். எண்ணெய், நிக்கல் கம்பெனிகளின் பங்குகளை அடகு வாங்கிக்கொண்டு அரசுக்குக் கடன் கொடுக்க ஏலம். பல இடங்களில் ஏலத்தை நடத்திய வங்கியே, தன் ஆட்களை வைத்து அந்தப் பங்குகளை எடுத்தும் கொண்டது. நம் மண்டியில் தராசு பிடிக்கிறவரே மூட்டையையும் தூக்கிப்போனால் விடுவோமா? விலையை ஒரே நாளில் அவிழ்த்துவிடலாமுங்க. தராசு பிடிக்க ஆளை ஒரே நாளில் எங்கே போய்த் தேடுவது?

போலந்தும் 1990 ஜனவரி 1-ல் விலையை அவிழ்த்தது. ஆனால் பெரிய ஆலைகளை விற்பதில் அவசரப்படவில்லை.

நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். சீனாவை இரண்டே வரியில் சொல்கிறேன். எண்பதுகளில் ஆலைகளிடம், அரசுத் திட்டத்தில் சொன்ன அளவை அரசு விலைக்குக் கொடு, மிச்சத்தைச் சந்தையில் விற்றுக்கொள் என்றார்கள். அதிகாரிகள் அரசு விலைக்கு வாங்கிச் சந்தை விலைக்குத் தள்ளிய கூத்தும் நடந்தது. கிழக்கு ஜெர்மனிக் குறிப்புகள் பையிலேயே இருக்கின்றன. வணக்கமுங்க.