உம்கேனி முகத்துவாரமும் சிவப்பு வரைபடமும்

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் தமிழ்ச் சங்கக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் கைப்பேசியும் கையுமாக அமர்ந்திருக்கும் இளைஞர்களே! மேடையேறுகிறவர்கள் கைப்பேசியை அணைக்கச் சொல்வார்கள். நான் எடுக்கச் சொல்கிறேன்.

கிளைமேட் சென்ட்ரல் என்ற அமெரிக்க அமைப்பின் கடலோர அபாய வரைபடத்தைத் திறந்து, டர்பனைத் தேடுங்கள். நீர்மட்டத்தை ஒரு மீட்டர் உயர்த்துங்கள். தாழ்ந்த நிலமெல்லாம் சிவப்பாகும். நம் உம்கேனி ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் அந்தச் சிவப்பு எதுவரை ஏறுகிறது என்று பாருங்கள்.

அது ஏன் ஒரு மீட்டர்? கரியமில வாயு கட்டுக்கடங்காமல் பெருகினால், 2100க்குள் கடல் 63 முதல் 101 சென்டிமீட்டர் வரை உயரக்கூடும் என்கிறது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2021இல் வெளியிட்ட அறிக்கை. வெகுவாகக் குறைத்தாலும் 28 முதல் 55 வரை உயருமாம். ஊர்வாரியாகக் கணக்கு வேண்டுமென்றால் நாசாவின் தளத்தில் கிடைக்கும்.

ஆனால் வரைபடத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். 2000ஆம் ஆண்டு விண்கலத்திலிருந்து ரேடாரால் எடுத்த உயர அளவுகளைத்தான் பலர் நெடுங்காலம் பயன்படுத்தினார்கள். ரேடாருக்கு மரத்தின் உச்சியும் தரையும் ஒன்றுதான். உம்கேனி முகத்துவாரத்திலுள்ள பீச்வுட் அலையாத்திக் காடு போன்ற இடத்தில் இலைமேல் பட்டுத் திரும்பி, "இது மேட்டு நிலம்" என்று சொல்லிவிடும். 2019இல் அந்தப் பிழையைத் திருத்திப் பார்த்தார்கள். உலகில் உயர் ஓத மட்டத்துக்கு, அதாவது கடல் பொங்கி ஏறும்போது எட்டும் மட்டத்துக்கு, கீழே வசிப்பவர்கள் 2.8 கோடி என்றிருந்த கணக்கு 11 கோடியானது!

இன்னொரு குறை நமக்கு மிக நெருக்கமானது. இந்த வரைபடம் தொட்டியில் தண்ணீர் நிரப்புவதுபோல் கணக்கிடுகிறது. அலை அதற்குத் தெரியாது, மழையும் தெரியாது. 2007 மார்ச்சில் அமாவாசை ஓதமும் புயலலையும் ஒன்றுசேர்ந்து நம் கடற்கரையை அரித்துத் தின்றதே, அதை எந்தச் சிவப்பு காட்டும்? 2022 ஏப்ரலில் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் நானூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது வானத்திலிருந்து வந்த வெள்ளம். கடல் ஏறி நிற்கும் வேளையில் ஆறும் பெருகி வந்தால், வெள்ளம் வடிய வழியேது? எனக்கு அச்சம் அங்கேதான்.

நம்மவர்கள் உம்கேனியை அறிந்தவர்கள். 1917 அக்டோபரில் அதன் கரையிலிருந்த ஸ்பிரிங்ஃபீல்ட் தோட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கியபோது, கரைவலைக்காரரான மாரிமுத்து படவட்டானும் ஐந்து தோழர்களும் படகைச் செலுத்தி 176 பேரைக் கரைசேர்த்தார்கள். 1976 வெள்ளத்துக்குப் பிறகு அதே ஆற்றங்கரையின் டின் டவுன் என்ற தகரக் குடிசைப் பகுதி மக்கள் டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் குடியேறினார்கள். அவர்களில் சிலர் இந்த அவையில் இருக்கக்கூடும்.

அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாசலில் இளைஞர்கள் மடிக்கணினியில் வரைபடத்தைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அன்று தண்ணீர் எந்தத் தெருவரை, எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் வந்தது என்று காட்டிவிட்டுப் போங்கள். சாப்பாடு அதற்குப் பிறகுதான்!