கார்டிசால் மேல் பழி போடுமுன்

வணக்கம். கவலைப்பட்டால் சீக்கிரம் கிழடு தட்டிவிடும் என்று எல்லோரும் சொல்கிறோம். அது வெறும் பேச்சா, உடம்புக்குள் உண்மையிலேயே ஏதாவது நடக்கிறதா என்பதுதான் இன்றைய பேச்சு. அதற்கு முன் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு எலிக்கதை. ஏற்கெனவே என்னிடம் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

1930களில் மான்ட்ரியலில் ஹான்ஸ் செல்யே என்ற இளம் ஆராய்ச்சியாளர், சினைப்பையிலிருந்து எடுத்த சாற்றை எலிகளுக்கு ஊசியில் போட்டார். அறுத்துப் பார்த்தால், சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி வீங்கியிருக்கிறது, நெஞ்சுக்குள் இருக்கும், நோய் எதிர்ப்புச் செல்கள் வளரும் தைமஸ் சுருங்கியிருக்கிறது, இரைப்பையில் புண். புது ஹார்மோன் ஒன்று சிக்கிவிட்டது என்று மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. சிறுநீரகச் சாற்றைப் போட்டார், அதே மூன்று. மண்ணீரல் சாறு, அதே மூன்று. கடைசியில், பிணம் கெடாமலிருக்கப் போடுவார்களே அந்த ஃபார்மலின், அதையும் போட்டுப் பார்த்தார். அதற்கும் அதே மூன்றுதான்! ஹார்மோன் கனவு கலைந்து நொந்து போனார். அப்புறம்தான் உறைத்தது: எது உள்ளே போனது என்பது முக்கியமில்லை, எந்தத் தொல்லை வந்தாலும் உடம்பு ஒரே மாதிரி பதில் சொல்கிறது. 1936இல் அதைச் சின்னக் கடிதமாக 'நேச்சர்' இதழில் எழுதினார்.

அந்த அட்ரினலிலிருந்து, தொல்லை வரும்போது கூடுதலாகச் சுரக்கும் ஹார்மோன்தான் கார்டிசால். அதை வில்லனாக்கிப் பேசுவது எனக்குப் பிடிக்காது. காலையில் கண் விழித்து அரைமணி நேரத்தில் அது உச்சத்துக்குப் போவதால்தான் நாம் எழுந்து நடமாடுகிறோம், நள்ளிரவை ஒட்டி அடங்கிவிடும். அடங்காதபோதுதான் வம்பு. சண்டை போட்டவர் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டார், நாம் மட்டும் படுக்கையில் அவரோடு இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம், உடம்புக்கோ சண்டை இன்னும் முடியவில்லை.

சரி, செல்லுக்கு வருவோம். ஒரு பக்கத்தை நகலெடுக்கும்போதெல்லாம் கடைசி வரி விட்டுப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செல் பிரியும்போது டிஎன்ஏவுக்கு நடப்பது அதுதான். அதனால் குரோமோசோமின், அதாவது சுருட்டி வைத்த டிஎன்ஏ இழையின், நுனியில் ஆறெழுத்துள்ள ஒரே வரி, புரதம் எதற்கும் குறிப்பில்லாத வரி, ஆயிரக்கணக்கான தடவை எழுதப்பட்டிருக்கிறது. போனால் அது போகட்டும் என்றுதான். அதன் பெயர் டெலோமியர். ரொம்பக் குட்டையாகிவிட்டால் செல் பிரிவதை நிறுத்திவிடும். தேய்ந்ததை மறுபடி எழுதிச் சேர்க்க டெலோமரேஸ் என்ற நொதி உண்டு, ஆனால் எல்லாச் செல்லிலும் போதுமான அளவு கிடையாது.

2004இல் எலிசா எபெல், எலிசபெத் பிளாக்பர்ன் என்ற ஆராய்ச்சியாளர்களின் குழு 58 தாய்மார்களின் ரத்தத்தைப் பார்த்தது. பலர் நீண்ட நாள் நோயுள்ள பிள்ளையை வளர்ப்பவர்கள். வேடிக்கை என்னவென்றால், நோயுள்ள பிள்ளையின் தாய், ஆரோக்கியமான பிள்ளையின் தாய் என்று பிரித்தால் டெலோமியர் நீளத்தின் சராசரியில் வித்தியாசமே இல்லை. எத்தனை வருடமாகக் கவனித்துவருகிறார், எவ்வளவு மன அழுத்தத்தை உணர்கிறார் என்று கேட்டபோதுதான் தெரிந்தது. அழுத்தத்தை மிக அதிகமாக உணர்ந்தவர்களின் டெலோமியர், மிகக் குறைவாக உணர்ந்தவர்களுடையதைவிடக் குறைந்தது பத்து வயது கூடினமாதிரி குட்டை. திரும்பவும் சொல்கிறேன், உணர்ந்தவர்கள்.

ஆனால் இது தொடர்புதான், காரணம் என்று நிரூபணமாகிவிடாது. 2008இல் ஆய்வகத்தில் நோய் எதிர்ப்புச் செல்கள் மேல் கார்டிசாலை விட்டபோது டெலோமரேஸின் வேலை குறைந்தது, அது ஒரு துப்பு. டெலோமியர் நீளமோ ஆளுக்கு ஆள் பிறப்பிலேயே மாறும், ஒரே ஒரு தடவை அளந்து 'உங்கள் உண்மையான வயது இது' என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறார்கள். நரைமுடி பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்: 2020இல் எலிகளில் பார்த்தார்கள், அழுத்தத்தில் முடி நரைத்ததற்குக் காரணம் கார்டிசால் இல்லை, நரம்பு நுனியில் சுரக்கும் நார்அட்ரினலின், கார்டிசாலைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பியையே எடுத்துவிட்ட எலிகளுக்கும் நரைத்தது. வணக்கம்.