ஸ்பிளிண்டுக்குள் அசைய வேண்டிய விரல்

வணக்கம் நேயர்களே. கத்தியோ கண்ணாடியோ பட்டு, தசையை எலும்போடு இணைக்கும் விரலின் தசைநாண் அறுந்து, அறுவை சிகிச்சையில் தைத்துக்கொண்டு வருபவர்களுக்குக் கைப்பயிற்சி தருவது என் வேலை. "அதான் தைச்சாச்சே, அப்புறம் எதுக்கு ஸ்பிளிண்ட்?" என்று பலரும் கேட்பார்கள். ஸ்பிளிண்ட் என்பது கையோடு சேர்த்துக் கட்டும் பிளாஸ்டிக் தாங்கி. விரலை அசையவிடாமல் கட்டிப்போடத்தான் அது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில், பயமில்லாமல் அசைப்பதற்காகத்தான் அதைப் போடுகிறோம்.

விரலை மடக்கும் தசைநாண் குறுகலான ஓர் உறைக்குள் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. தைத்த இடம் ஆறும்போது பக்கத்துத் திசுவோடும் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அசைக்காமலே வைத்திருந்தால் ஒட்டி இறுகிவிடும். இஷ்டத்துக்கு அசைத்தால் தையல் பிய்ந்துவிடும். இதற்குப் பயந்தே அந்த உறை இருக்கும் பகுதியில் உடனே தைக்க ஒரு காலத்தில் மருத்துவர்கள் தயங்கினார்கள். 1960களில் அமெரிக்க மருத்துவர் ஹெரால்ட் கிளைனெர்ட், நகத்தில் ரப்பர் பேண்ட் மாட்டி, நோயாளி விரலை நீட்டினால் ரப்பரே அதைத் திரும்ப மடக்கும்படி செய்தார். தைத்த தசைநாணை வேலை வாங்காமலே விரலை அசைக்கலாம் என்ற நம்பிக்கை அதில் வந்தது.

இன்று பெரும்பாலும் புறங்கைப் பக்கமாக ஸ்பிளிண்ட் போடுகிறோம். விரல்கள் அடிமூட்டில் மடங்கியபடி இருக்கும். ஸ்பிளிண்டைத் தொடும் வரைதான் நீட்ட முடியும். அதற்குள்ளேயே, மற்றக் கையால் விரலை மெல்ல மடக்கி, பிறகு நீட்ட வேண்டும். தானாக மடக்குவதை எப்போது தொடங்கலாம் என்பதைத் தையலின் பலம் பார்த்து மருத்துவரும் சிகிச்சையாளரும் சொல்வார்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது மூன்றாவது, நான்காவது வாரம். வலி குறைந்திருக்கும், கை நன்றாக இருப்பதாகத் தோன்றும். குளிக்கும்போது கழற்றி ஒரு வாளியைத் தூக்கினால் போதும், தையல் அறுந்துவிடலாம். பொதுவாக ஆறு வாரம் இரவும் பகலும் ஸ்பிளிண்ட் இருக்க வேண்டும். கனமான வேலைக்குப் பன்னிரண்டு வாரமாவது ஆகும்.

வெந்நீரில் இளக்கி வடிவமைக்கும் பிளாஸ்டிக் அது. வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் உருமாறிவிடும். எங்காவது அழுத்திச் சிவந்தால் நீங்களே வெட்டாதீர்கள், எங்களிடம் கொண்டுவாருங்கள்.

விரல் நுனியை நீட்டும் தசைநாண் அறுந்தால் விதியே வேறு. நுனி மூட்டு ஆறு முதல் எட்டு வாரம் நேராகவே இருக்க வேண்டும். ஒருமுறை மடங்கிவிட்டாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

நேற்று வரை மடங்கிய விரல் திடீரென்று மடங்கவில்லையா? வலி இல்லையே என்று காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.