72 வயதில் பாட்டு வகுப்பா? – ஒரு கேள்விக்குப் பதில்

வணக்கம். போன வாரம் களியல் ஆட்டத்தை, விளக்கைச் சுற்றிக் கம்படித்து ஆடுகிற நம் ஊர் ஆட்டத்தை, பற்றிப் பேசினோம் இல்லையா, அதற்கு வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "எங்கள் மாமிக்கு 72 வயது. எங்கள் சர்ச்சில் வயசானவர்களுக்கு வாரம் ஒரு நாள் பாட்டும் படம் வரைவதும் சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள். மாமிக்கு மூட்டுவலி, கொஞ்சம் மறதியும் உண்டு. அனுப்பினால் பிரயோஜனம் இருக்குமா, இல்லை வெறும் பொழுதுபோக்குதானா?"

அனுப்புங்கள், தாராளமாக அனுப்புங்கள். ஆனால் மறதி போய்விடும் என்ற நினைப்பில் அனுப்பாதீர்கள். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில் 12 முதியோர் மையங்களில் 390 பேரை வைத்துச் சேர்ந்து பாடும் குழுக்கள் நடத்திப் பார்த்தார்கள். பாதி மையங்களில் உடனே ஆரம்பித்தார்கள், மீதி ஆறு மாதம் காத்திருந்தது. பாடியவர்களுக்குத் தனிமை குறைந்தது, வாழ்க்கையில் பிடிப்பு கூடியது. நினைவாற்றலிலும் உடல் வலுவிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இதை நான் குறையாகவே நினைக்கவில்லை. மகன் வெளிநாட்டில், மருமகள் வேலைக்கு, பேரப்பிள்ளைகள் டியூஷனுக்கு என்று இருக்கிற நம் வீடுகளில் சாயங்காலம் ஐந்து மணிக்குத் திண்ணையில் தனியாக இருக்கிற ஆளுக்குத் தனிமை குறைவது சின்ன விஷயமா?

இதற்கு முன்னால் 2001-இல் ஜீன் கோஹன் என்ற மனநல மருத்துவர் தொடங்கிய ஆய்வு ஒன்று உண்டு. வாஷிங்டனில் சராசரியாக 80 வயதை ஒட்டியவர்கள் சேர்ந்து பாடினார்கள். ஒரு வருஷம் கழித்து, பாடாதவர்களோடு ஒப்பிட்டால், இவர்கள் டாக்டரிடம் போனது குறைவு, மருந்து குறைவு, கீழே விழுந்ததும் குறைவு. எல்லாரும் இதைத்தான் எடுத்துச் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அங்கே பாட்டு சொல்லிக்கொடுத்தது தேர்ந்த இசைக்கலைஞர், வாராவாரம் ஒத்திகை, அப்புறம் ஜனங்களுக்கு முன்னால் கச்சேரி. கச்சேரிக்கு நாள் குறித்திருந்தார்கள். நம் பேச்சைத் தொடர்ந்து கேட்கிறவர்களுக்கு நான் என்ன சொல்ல வருகிறேன் என்று தெரியும்: நாள் குறிக்காத கலை வகுப்பு வயசானவர்களைப் பிடித்து உட்கார வைக்கிற வேலையாக முடிந்துவிடும்.

நம்ம வில்லுப்பாட்டையே பாருங்கள். கோயில் கொடைத் திருவிழாவுக்கு நாள் குறித்துவிட்டால், முன்னின்று பாடுகிற அண்ணாவிக்கு எங்கிருந்து அந்தத் தெம்பு வருகிறது? பகலெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்த பாட்டா ஒருவர் ராத்திரி குடத்துக்கு முன்னால் உட்கார்ந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு கையில் பத்தி, அதாவது குடத்தை அடிக்கிற மட்டை, இன்னொரு கையில் காசு. குடத்தின் வாயில் பத்தி விழுகிறபோதே மறுகைக் காசு அதன் கழுத்தில் கிணுங் என்று தட்டும், கண் மட்டும் அண்ணாவி வில்லைத் தட்டுகிற வீசுகோலை விட்டு நகராது. விடியும்வரை நகரவில்லை அவர். அவர் தாளம் விட்டால் வில்லே நின்றுபோகும், அது அவருக்குத் தெரியும். அதே ஆளை மறுநாள் வீட்டில் பார்த்தால், "சும்மா இரியும் பாட்டா, உமக்கு ஒண்ணும் முடியாது" என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

மூட்டுவலி என்றீர்களே, களியலிலும் விளக்கைச் சுற்றிக் குதிக்கிறது இளவட்டங்கள்தான். ஆசான் தாளத்தைத் தட்டிப் பாடுவார், அவர் பாட்டு வேகம் எடுத்தால்தான் அத்தனை கம்பும் வேகம் எடுக்கும். முட்டி மடங்காதவருக்கு அங்கே அந்த ஆசான் இடம் இருக்கிறது.

சரி, படம் வரைகிற வகுப்புக்கு வருவோம். இந்த மாதிரி ஒரு வகுப்பில் அச்சடித்த பூப்படத்தைக் கொடுத்துக் கலர் அடிக்கச் சொன்னார்கள். ஒரு அம்மச்சி பென்சிலைத் தொடவே இல்லை. அது குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வாரம். ஒரு பையன் ஓலையோடு வந்து சிலுவை மடிக்கத் தெரியாமல் முழித்தான். அம்மச்சி வாங்கி ஈர்க்கைக் கிழித்துப் போட்டார், ஓலையைத் தொடையில் வைத்து நீவினார், இரண்டு மடிப்பு, ஒரு சொருகு, சிலுவை வந்துவிட்டது. அப்புறம் கிளி, கிலுக்கு, சின்னப் பெட்டி. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு காலத்தில் கடவம் என்கிற ஓலைப்பெட்டி முடைந்து சந்தையில் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவராம், வகுப்பு நடத்தியவர்களில் ஒருத்தரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

ஆகவே, மாமிக்கு என்ன சொல்லிக்கொடுப்பார்கள் என்று கேட்பதைவிட, மாமிக்கு என்ன தெரியும், அதை யார் கற்றுக்கொள்ளப் போகிறார்கள் என்று நீங்கள் கேட்டிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும். சிறுவர்களுக்குப் பாட்டும் ஓவியமும் சொல்லித்தர ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது. மூத்த கலைஞர்களுக்குக் கலை முதுமணி விருதும் உண்டு. விருதுக்குப் போகாத, நடவுப் பாட்டும் தாலாட்டும் மட்டும் தெரிந்த கிழவிக்குத்தான் வாரம் ஒரு மணி நேரம் உட்கார இடமில்லை. உங்கள் சர்ச் அதைச் செய்யப் போகிறதென்றால் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

நடத்துகிறவர்களிடம் போய் மூன்று விஷயம் பேசுங்கள். கிறிஸ்துமஸுக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ இவர்கள் பாட இப்போதே ஒரு நாள் குறிக்கச் சொல்லுங்கள். வகுப்பைக் காலை பத்து மணிக்கு வைக்கச் சொல்லுங்கள், இருட்டின பிறகு வைத்தால் பாதிப்பேர் வரமாட்டார்கள், சாதாரண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, பகலில் அவர்களே வந்துபோகலாம். கை வைத்த நாற்காலியும் பக்கத்திலேயே கழிப்பறையும் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள், அது இல்லாததால்தான் பலபேர் இரண்டாவது வாரம் நின்றுவிடுகிறார்கள்.

அப்புறம் மாமியிடம் சின்ன வயதில் வயலில் என்ன பாடினார்கள் என்று கேட்டு, அவர் பாடுவதை போனில் பதிந்து எனக்கு அனுப்புங்கள். அவருக்குச் சம்மதம் என்றால் அடுத்த வீடியோவில் எல்லாரும் கேட்போம்.