ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு

(முதுகுளத்தூர் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், கிளை நூலக விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் மேனிலைப் பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, வரவேற்புரை என்ற பெயரில் என் பிள்ளைகளே நம்ப மறுக்கும் செய்திகளையெல்லாம் என்னைப் பற்றி எடுத்துரைத்த நூலகர் அவர்களே, நாற்காலி போதாமல் வேப்பமரத்தடியில் நிற்கும் தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். வட்டாட்சியர் அவர்கள் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். அவருக்குரிய வணக்கத்தைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன், வந்ததும் தருவேன்.

அம்மாவின் வாய்மொழி தந்த வாழ்க்கைப் பாடங்கள் என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. என் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் பழமொழி கலக்காமல் ஒரு வேலை சொல்லவும் தெரியாது. முதுமொழி என்று தொல்காப்பியர் இலக்கணம் வகுத்த அந்தச் செல்வத்தை, யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் பணியாற்றிய பாதிரியார் பெர்சிவல் தேடித் தேடித் திரட்டினார். 1874-இல் வெளிவந்த அவரது பதிப்பில் 6,000-க்கும் மேற்பட்ட பழமொழிகள் இருக்கின்றன. கல்லூரி நாளில் அந்த நூலைப் புரட்டியபோது பக்கத்துக்குப் பக்கம் எங்கள் வீட்டு அடுப்படிச் சத்தம்தான் எனக்குக் கேட்டது.

அவற்றுள் மூன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். முதலாவது, ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’. இரண்டாவது, ‘இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்காதே’. மூன்றாவது, ‘ஆசை இருக்கு தாசில் பண்ண, அம்சம் இருக்கு கழுதை மேய்க்க’. இந்த மூன்றாவதை வட்டாட்சியர் வருவதற்குள் பேசி முடித்துவிட வேண்டும் என்று நூலகர் என் காதில் சொல்லியிருக்கிறார்.

முதலாவதிலிருந்து தொடங்குகிறேன். ‘ஆத்திலே’ என்பது ஆறு அன்று, அகம், அதாவது வீடு என்று புலவர் நண்பர் ஒருவர் என்னோடு ஒரு மணி நேரம் வாதிட்டார். இருக்கலாம். என் அம்மாவுக்கு அந்த ஆராய்ச்சி தெரியாது. அவள் ஆற்றைத்தான் சொன்னாள். குண்டாறு எட்டாத, குடிப்பதற்கு ஊருணியை மட்டுமே நம்பிய ஊரில் இருந்துகொண்டு சொன்னாள் என்பதுதான் வேடிக்கை.

எனக்குப் பத்து வயதிருக்கும். மழை பொய்த்த ஆண்டு. ஊருணித் தரையில் ஊற்றுத் தோண்டி, கசியும் தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் அள்ளி அள்ளிக் குடத்தில் ஊற்றுவோம். ஒரு குடம் நிறைவதற்குள் இடுப்பில் இருக்கும் கைப்பிள்ளை தூங்கி எழுந்துவிடும். அந்தத் தண்ணீரை அம்மா பித்தளை அண்டாவில் ஊற்றி வைப்பாள். அகத்திக் குச்சி ஒன்றில் அரிவாள்மணையால் வெட்டுப்போட்டு, கண்மாயில் தண்ணீர் திறந்துவிடும் நீர்ப்பாய்ச்சிக்காரர் மடை ஓரம் நின்று அளவு பார்ப்பதுபோல, காலையும் மாலையும் அண்டாவுக்குள் அந்தக் குச்சியை விட்டுப் பார்ப்பாள்.

அப்போதுதான் மதுரையிலிருந்து என் தாய்மாமா வந்து இறங்கினார். வைகைத் தண்ணீரில் வளர்ந்த உடம்பு. விடிந்தும் விடியாமலும் அண்டாவோடு கொல்லைப்புறம் போனவர், சோப்புப் போட்டு, சினிமாப் பாட்டுப் பாடி, ஒரு வெட்டு அளவுக்கு மட்டும் மிச்சம் வைத்துத் திரும்பினார். அம்மா சத்தம் போடவில்லை. குச்சியை விட்டுப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடியும் குச்சியைப் பார்த்தாள்.

“என்னக்கா, தண்ணிக்குக் கூடவா கணக்கு?” என்றார் மாமா.

“ஆத்துல போட்டாலும் அளந்து போடணும் தம்பி.”

“ஆறே இல்லாத ஊருல எதுக்குக்கா ஆத்துப் பழமொழி?”

“ஆறு இருக்கிறவனே அளக்கணும்னா, இல்லாதவ என்ன செய்யணும்னு நீயே சொல்லு.”

மாமா அன்று மாலைப் பேருந்திலேயே ஊருக்குப் போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தோம். பொங்கலுக்குச் சீர் கொண்டுவந்தவர், மஞ்சள் குலை, கரும்புக்கட்டு ஆகியவற்றோடு பேருந்துக் கூரையிலிருந்து இரண்டு எண்ணெய் டின்களையும் இறக்கினார். டின் நிறையத் தண்ணீர்! நடத்துநர் அதற்கும் சுமைக்கட்டணம் வாங்கிவிட்டாராம். ஊரே கூடிச் சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே போய்ப் படியை எடுத்து வந்து, தம்பி கொண்டுவந்த தண்ணீரைப் படி படியாக அளந்து அண்டாவில் ஊற்றிவிட்டு, “வழியில ஒரு படி சிந்திட்டியேடா” என்றாள்.

இதோ, வட்டாட்சியர் அவர்கள் வந்துவிட்டார்கள். ஐயா, வாருங்கள், வணக்கம். அலுவல் நெருக்கடியிலும் சிற்றூர் நூலக விழாவை மதித்து வந்திருக்கும் தங்கள் பெருந்தன்மையை நாங்கள் மறக்கமாட்டோம். மூன்றாவது பழமொழியை நான் இன்னும் தொடவில்லை என்பதையும், இனித் தொடப்போவதில்லை என்பதையும் அவையோருக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

தாங்கள் வந்த நல்ல நேரத்தில் அளவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். இந்த மாவட்டத்தில் ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரைச் சுற்றித்தான் மழை. அதில் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வந்து போய்விடுகிறது. வந்ததைத் தேக்கி ஆண்டு முழுவதும் அளந்து செலவிட வேண்டும் என்ற கணக்கில்தான் முன்னோர் கண்மாயையும் ஊருணியையும் வெட்டினார்கள். கண்மாய் என்பது ஊரின் அண்டா, மடைதான் படி. இன்று எங்கள் ஊருணிக்கு வரும் வரத்துக்கால்வாயைத் தாங்கள் நேரில் பார்த்தால், அது கால்வாயா வரப்பா என்று ஐயுறுவீர்கள். கரையோரத்தார் ஆண்டுக்கு ஒரு சாண் என்று உள்ளே நகர்ந்திருக்கிறார்கள்; எஞ்சிய இடத்தைச் சீமைக்கருவேலம் எடுத்துக்கொண்டது. அதை வெட்ட வேண்டும் என்று 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டபோது நாங்களும் அரிவாளோடு இறங்கினோம். தூரைத் தோண்டாததால் இரண்டே ஆண்டில் மறுபடியும் தழைத்துவிட்டது. அந்தப் பிழை எங்களுடையது.

இரண்டாவது பழமொழியும் இங்கேதான் வருகிறது. இருக்கும் ஊருணியை விட்டுவிட்டு, லாரித் தண்ணீருக்குக் குடம் ஒன்றுக்கு இவ்வளவு என்று காசை எண்ணிக்கொண்டிருக்கிறோம். விரித்துப் பேச நேரமில்லை. தலைமையாசிரியை அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது எனக்குத் தெரிகிறது.

பெரிய ஏரிகளின் எல்லையை அளந்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. எங்களுடையது ஊராட்சியின் சிறிய ஊருணி. சட்டத்தின் நுணுக்கங்களைத் தாங்கள் அறிவீர்கள். நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று: நில எல்லையைக் காட்டும் புலப்படத்தோடு நில அளவரை அனுப்பி, ஊருணியையும் வரத்துக்கால்வாயையும் அளந்து கல் போடுங்கள். ஆற்றிலே போடுவதையே அளந்து போடச் சொன்னாள் என் அம்மா. ஊருணிக் கரையில் போடும் கல்லை அளக்காமல் போடலாமா? ஊராட்சி மன்றத் தலைவர் அவர்கள் தீர்மானம் நிறைவேற்றித் தரச் சம்மதித்திருக்கிறார்கள். அதை மேடையில் சொல்லக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டார்கள், மன்னிக்க வேண்டும்.

இந்த மேசைமேல் இருப்பது அம்மாவின் இரும்புப் படி. நூலகத்தில் பார்வைக்கு வைக்கத்தான் கொண்டுவந்தேன். அதற்குள் சுருட்டி வைத்திருப்பது ஊரார் கையெழுத்திட்ட மனு. அம்மாவின் கைநாட்டு அதில் இல்லை. அவள் போய்ப் பதினோர் ஆண்டு ஆகிறது. ஐயா அவர்கள் மனுவைப் பெற்றுக்கொண்டு, நில அளவர் வரும் தேதியை இந்த ஒலிபெருக்கியிலேயே அறிவித்துவிட்டால் தாய்மார்கள் வீட்டுக்குப் போய் உலை வைப்பார்கள். அளக்க வருபவர்களுக்கு அன்றைய மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். படியை மட்டும் எனக்குத் திருப்பித் தந்துவிடுங்கள்; அரிசி அளக்க வேண்டும். நன்றி, வணக்கம்.