எஞ்சினைக் கழுவாதீங்க, துடைங்க: வீட்டு பார்க்கிங்கிலேயே பானெட்டுக்குள்ள சுத்தம்

[காட்சி: அபார்ட்மென்ட் வாசல், நிழல். பானெட் திறந்திருக்கு. எஞ்சின் கவர் மேல செம்மண் தூசி.]

பானெட்டைத் திறந்தாச்சு. துணியை இன்னும் கையில எடுக்காதீங்க. மொதல்ல மொபைல்ல நாலஞ்சு போட்டோ எடுங்க. மேல இருந்து ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு, டார்ச் அடிச்சுக் கீழ ஒண்ணு.

ஏன்னா இந்த அழுக்குல தகவல் இருக்கு. தெருத்தூசி எல்லா இடத்திலயும் ஏறக்குறைய ஒரே மாதிரி படியும். ஒரே ஒரு இடம் மட்டும் கறுப்பா, ஈரமா, பிசுபிசுன்னு இருந்தா அங்க ஆயில் கசியுது. எஞ்சின் தலைப்பக்கம் ஓரமா வழிஞ்சிருந்தா பெரும்பாலும் வால்வ் கவர் கேஸ்கெட், அதாவது எஞ்சின் மேல்மூடிக்குக் கீழ இருக்கிற சீல். ரேடியேட்டர் ஹோஸ் மாட்டுற இடத்துல பச்சையாவோ ரோஸாவோ உப்பு பூத்த மாதிரி இருந்தா அது எஞ்சினைக் குளிர வைக்கிற கூலன்ட் கசிஞ்சு காய்ஞ்சது. பார்க்காம துடைச்சுட்டா இந்தத் தடயமெல்லாம் போயிடும்.

[காட்சி: ஹோஸ் பைப். அதுக்கு மேல சிவப்பு பெருக்கல் குறி.]

பெங்களூருல ஹோஸ் பைப் வேண்டாம்னு சொல்ல மொத காரணம் தண்ணி. 2024 மார்ச்ல தண்ணிப் பஞ்சம் வந்தப்போ, குடிநீர்ல வண்டி கழுவக் கூடாது, மீறினா 5,000 ரூபாய் அபராதம்னு பெங்களூரு குடிநீர் வடிகால் வாரியம் உத்தரவு போட்டது. நாங்க சொல்ற முறைக்கு அஞ்சு லிட்டர் போதும். போர் தண்ணியோ ஆர்ஓ மெஷின்ல இருந்து வெளிய போற தண்ணியோ எடுத்துக்கலாம்.

ரெண்டாவது காரணம் எஞ்சின். அங்க இருக்கிற வயர் கனெக்டர் ஒவ்வொண்ணுக்குள்ளயும் சின்ன ரப்பர் சீல் இருக்கு. மழையில தெறிக்கிற தண்ணியை அது தாங்கும். பிரஷர் வாஷர் பக்கத்துல இருந்து அடிச்சா சீலைத் தாண்டித் தண்ணி உள்ள போயிடும், ஆனா திரும்பி வர வழி இருக்காது. பின்னுல பச்சையாக் களிம்பு பிடிச்சு, மூணு மாசம் கழிச்சு ஏதோ ஒரு சென்சார் தகராறு பண்ணும். அப்போ யாருக்கும் இந்த வாஷ் ஞாபகம் வராது. வண்டி பழசானா கனெக்டர் ரப்பரும் இறுகிப்போயிருக்கும், அதனால பத்து வருஷ வண்டிக்கு இன்னும் கவனம் வேணும்.

மண்ணெண்ணெய், பெட்ரோல், டீசல் மூணுமே கூடாது. டீசல் தடவினா அன்னைக்குப் பளபளன்னு இருக்கும். அந்த எண்ணெய்ப் படலம் மறுநாளே தூசியை இழுத்து ஒட்ட வைக்கும், ரப்பர் ஹோஸையும் ஊற வைக்கும். பெட்ரோல்னா ஒரு பொறி போதும், தீ.

[காட்சி: தரையில பொருட்கள்.]

வேண்டியது இவ்வளவுதான்: தண்ணியில கலக்குற டீக்ரீஸர் (எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிற திரவம்) 250 மில்லி, மைக்ரோஃபைபர் துணி ஆறு, பழைய டூத் பிரஷ், ரெண்டு அங்குல பெயின்ட் பிரஷ், ரெண்டு சின்ன பக்கெட், கையுறை, நாலஞ்சு பிளாஸ்டிக் கவர், ரப்பர் பேண்ட், 10 எம்எம் ஸ்பேனர். ஜே.சி. ரோடு வண்டி பார்ட்ஸ் கடைகள்ல டீக்ரீஸர் கேட்டா தண்ணியில கலக்குறதுன்னு சொல்லி வாங்குங்க. காரம் அதிகமான ரகம் பட்டா பெயின்ட் இல்லாத அலுமினியம் வெளுத்துப்போகும், அந்தக் கறை திரும்பப் போகாது.

எஞ்சின் ஆறியிருக்கணும். ராத்திரி நிறுத்தின வண்டியைக் காலையில எடுக்காம அப்படியே செய்யுங்க. சூட்டுல டீக்ரீஸர் நொடியில காய்ஞ்சு திட்டுத் திட்டாப் படியும், கையும் சுடும்.

அடுத்தது பேட்டரி. நெகட்டிவ் டெர்மினலை மட்டும் கழட்டுங்க. இக்னிஷன் ஆஃப்ல இருந்தாக்கூட சில வண்டிகள்ல ரேடியேட்டர் ஃபேன் தானாச் சுத்த ஆரம்பிக்கும், விரல் அங்க இருந்தா கதை வேற. பாசிட்டிவ்ல கை வெச்சா ஸ்பேனர் பாடியில பட்டு ஷார்ட் ஆகும், அதனாலதான் நெகட்டிவ். திரும்ப மாட்டினதும் கடிகாரத்தையும் ஜன்னல் ஆட்டோ வசதியையும் புதுசா செட் பண்ண வேண்டியிருக்கலாம். ஹைபிரிட் வண்டின்னா ஆரஞ்சு நிறக் கேபிள் பக்கமே போகாதீங்க.

அப்புறம் கவர் கட்டுங்க. பேட்டரியை சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், ஏர் ஃபில்டருக்குக் காத்து போற வாய், எஞ்சின் கம்ப்யூட்டர். ஆல்டர்னேட்டர்தான் முக்கியம், காத்து போறதுக்காக அதோட உடம்பு திறந்தே இருக்கும். எத்தனை கவர் கட்டினீங்கன்னு ஒரு காகிதத்துல எழுதி வையுங்க. மறந்துபோன ஒரு கவரை ஸ்டார்ட் பண்ணினதும் எஞ்சின்ல சுத்துற பெல்ட் இழுத்துக்கும். ஆயில் மூடியும் ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கும் இறுக்கமா இருக்கான்னு ஒரு தடவை பாருங்க.

[காட்சி: வைப்பருக்குக் கீழ அடைஞ்சு கிடக்கிற இலை.]

ஈரம் பண்றதுக்கு முன்னாடி காய்ஞ்ச குப்பை. வைப்பருக்குக் கீழ ஒரு பள்ளம் ஓடும், அதோட ரெண்டு ஓரத்திலயும் தண்ணி வடியுற ஓட்டை இருக்கும். ஜெயநகர், மல்லேஸ்வரம் மாதிரி மரம் நிறைஞ்ச தெருவுல நிக்கிற வண்டிக்கு, பிப்ரவரி மார்ச்ல உதிர்ற மஞ்சள் டபீபியா பூவே அந்த ஓட்டையை அடைச்சிடும். ஏப்ரல்ல கோடை மழை கொட்டும்போது தண்ணி ஏசி புளோவர் வழியா உங்க காலுக்கடியில வந்து சேரும். எக்ஸாஸ்ட் பக்கம் கிடக்கிற சருகு தீப்பிடிக்கவும் கூடும்.

எலிப் புழுக்கை இருந்தா காய்ஞ்சபடியே கூட்டாதீங்க. எலி மூத்திரத்துல எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். மாஸ்க், கையுறை போட்டு, கிருமிநாசினியால நனைச்சு காகிதத்துல அள்ளிடுங்க. வயர் கடிபட்டிருந்தா வேலையை அங்கயே நிறுத்துங்க. செம்பு தெரியுற வயர்ல ஈரம் படக் கூடாது, ஆட்டோ எலக்ட்ரீஷியன்தான் பார்க்கணும்.

[காட்சி: பிரஷ்ல டீக்ரீஸர்.]

இப்போ துடைக்கிறது. ஒரு பங்கு டீக்ரீஸருக்குப் பத்து பங்கு தண்ணி. பாட்டில்ல வேற அளவு போட்டிருந்தா அதையே பிடிச்சுக்கங்க. எஞ்சின் மேல நேரா ஊத்தாம பிரஷ்ல தொட்டுக்கங்க. மேல இருந்து கீழயா, ஒரு முழம் அகலத்துக்கு மட்டும் தேய்ங்க. ரெண்டு மூணு நிமிஷம் ஊறட்டும், காயக் கூடாது. பிழிஞ்ச ஈரத்துணியால எடுங்க, ரெண்டாவது துணியால சுத்தத் தண்ணியில துடைங்க. ஒரு பக்கெட் அலசுறதுக்கு, இன்னொண்ணு நல்ல தண்ணிக்கு. பெல்ட் மேல டீக்ரீஸர் படாம பார்த்துக்கங்க. பெட்ரோல் வண்டியில ஸ்பார்க் பிளக்குக்குக் கரன்ட் தர்ற இக்னிஷன் காயிலைச் சுத்தி உலர்ந்த துணி மட்டும்தான்.

பேட்டரி டெர்மினல்ல வெள்ளையா, நீலப்பச்சையா பூத்திருக்கா? ஒரு டம்ளர் தண்ணியில ஒரு டேபிள்ஸ்பூன் ஆப்ப சோடா. டூத் பிரஷ்ல தொட்டு நுரைக்க விட்டுத் துடைங்க, பேட்டரி மூடி இடுக்குல போகக் கூடாது. காய்ஞ்சதும் வாசலைன் லேசா ஒரு பூச்சு.

அழுக்குத் தண்ணியை பார்க்கிங் வடிகால்ல ஊத்தாதீங்க. அது மழைநீர்க் கால்வாய், இந்த ஊர்ல சொல்ற ராஜகாலுவே வழியா நேரா ஏரிக்குத்தான் போகும். கீழ அட்டை விரிச்சு, மரத்தூள்ல ஊற வெச்சு, குப்பையில கட்டிப் போடுங்க.

[காட்சி: பானெட் திறந்தபடி வெயில்ல வண்டி.]

ஒரு மணி நேரம் பானெட் திறந்து உலரட்டும். கவர்களை எண்ணி எடுங்க, பேட்டரியை மாட்டுங்க. திறந்த இடத்துல பத்து நிமிஷம் ஐட்லிங்ல விடுங்க, மூடின பேஸ்மென்ட்ல வேண்டாம்.

கீச்சுன்னு சத்தம் வந்து ரெண்டு நிமிஷத்துல நின்னா பெல்ட் நனைஞ்சிருந்தது, கவலையில்லை. எஞ்சின் உதறுது, செக் எஞ்சின் விளக்கு விட்டு விட்டு எரியுதுன்னா உடனே ஆஃப் பண்ணிடுங்க. ஸ்பார்க் பிளக் குழியில தண்ணி போய் மிஸ்ஃபயர் ஆகுது, அதாவது பெட்ரோல் சரியா எரியலை. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள்ள போய் எரிஞ்சு அதைக் கருக்கிடும், அது விலை அதிகமான பார்ட். காயிலைக் கழட்டி, குழியைத் துணியால உறிஞ்சி, நல்லாக் காய விட்டு மாட்டுங்க.

நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு பானெட்டைத் திறந்து, மொத எடுத்த அதே கோணத்துல போட்டோ எடுங்க. கறுப்பா இருந்த இடம் திரும்ப ஈரமாகியிருந்தா, ரெண்டு போட்டோவையும் மெக்கானிக்கிட்ட காட்டுங்க.