சோழனின் அரண்மனைக் கூரையிலிருந்து ஒரு ஓடு

வணக்கம் மக்களே. எனக்குப் பின்னால் தெரிகிறதே செங்கல் வரிசை, இதைப் பார்க்கத்தான் வந்தேன். கங்கைகொண்ட சோழபுரம் கோயிலிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர். அங்கே பேருந்து பேருந்தாகக் கூட்டம் இறங்குகிறது. இங்கே நானும் நாலு ஆடும்தான்.

இந்த இடத்துக்குப் பெயர் மாளிகைமேடு. முதலாம் இராசேந்திரனின் அரண்மனை இருந்த இடம். அவருடைய படை கங்கை வரை போனதைச் செப்பேடு பாடுகிறது. ‘சோழகேரளன் திருமாளிகை’ என்று அரண்மனையின் பெயர்கூடக் கல்வெட்டில் வருகிறது. ஆனால் அந்த மாளிகை எதனால் கட்டியது, கூரை எப்படி இருந்தது? அதெல்லாம் கல்வெட்டின் வேலை இல்லை.

தமிழ்நாடு தொல்லியல் துறை 1980-களிலிருந்து இங்கே அகழாய்வு செய்கிறது. 2021-இல் மறுபடி இறங்கினார்கள். குழிக்குள் குவியலாகக் கிடைத்தது என்ன தெரியுமா? கூரை ஓடு. அப்புறம் இரும்பு ஆணிகள். தூண் நிறுத்திய கருங்கல் பீடம் இருக்கிறது, தூணைக் காணோம். மரத்தூண், மக்கிவிட்டது. சேர்த்துப் பாருங்கள்: செங்கல் சுவர், மரத்தூண், ஆணி அடித்த சட்டம், மேலே ஓடு. சாமிக்கு முழுக்கக் கருங்கல்லில் எழுப்பியவர், தான் குடியிருக்க ஓடு வேய்ந்த மாளிகை போதும் என்றிருக்கிறார்! சினிமா பளிங்கு அரண்மனையை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

நம் தமிழில் உடைந்த பானைத் துண்டும் ஓடுதானே. அந்த வகையில் இங்கே சீனத்துப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. 1015, 1033, 1077 ஆண்டுகளில் சோழத் தூதர்கள் வந்ததாகச் சீனக் குறிப்புகள் சொல்கின்றன. அது அரசவைச் செய்தி. இங்கே யாரோ கைதவறிப் போட்டு உடைத்த கிண்ணத்தைப் பற்றி, கல்வெட்டில் அரசன் புகழ் பாடும் எந்த மெய்க்கீர்த்தியிலும் வராது.

சரி, மீதிச் சுவர் எங்கே என்பீர்கள். ஊர்க்காரர்கள் வீடு கட்டப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டும்போது கோயில் மதில் கல்லையே எடுத்தார்கள், இந்தச் செங்கல் எம்மாத்திரம்! ஆனால் ஒன்று. செங்கல்லைப் பிடுங்கிய பள்ளத்தில் பிறகு சேர்ந்த மண் இளக்கமாக, வேறு நிறத்தில் இருக்கும். குழியின் பக்கத்தைச் சீவினால், இல்லாத சுவர் எந்தப் பக்கம் ஓடியது என்று தெரிந்துவிடும். அதனால்தான் சொல்கிறேன், ஆசைக்கு ஒரு துண்டு என்று எதையும் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். கிடந்த இடத்தை விட்டுப் பிரித்தால் அது வெறும் ஓடு.

பக்கத்து ஊர்ப் பெயர்கள் உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர். கோட்டை போனாலும் பெயர் இருக்கிறது. அடுத்து உட்கோட்டைக்குத்தான் நடக்கப்போகிறேன். ஒரு நிமிடம்... ஏய், ஆடு என் பையைத் தின்கிறது!